பாடத்தில் வரும் மகன்

அம்மாவின் சேலையில் குத்தியிருந்த பேட்ஜைக் கழற்ற அவள் போராடிக்கொண்டிருந்தாள். ஊசி வளைந்து நூலில் மாட்டியிருந்தது. இழுத்தால் அம்மாவைக் குத்திவிடுமோ என்று பயம் வேறு. குத்தினால்தான் என்ன, இனி வலிக்கவா போகிறது? ஆனாலும் மெதுவாகவே இழுத்தாள்.

"இருக்கட்டுமேம்மா," என்றார் பின்னால் நின்ற கல்வி அலுவலக எழுத்தர். "அதிகாரி வந்ததும் போட்டோ எடுக்கணும். இந்த மாசத்துப் பண்பு நேர்மை. எப்படிப் பொருத்தமா அமைஞ்சிருக்கு பாருங்க."

"மாசம் பார்த்தா சார் செத்தாங்க?"

அவள் ஊசியைப் பிடுங்கி எடுத்து எழுத்தரின் கையிலேயே கொடுத்தாள்.

மாவட்டத்து அரசுப் பள்ளிகளுக்கெல்லாம் நற்பண்புக் கல்வியைப் பார்த்துக்கொண்டது அம்மாதான். மாதத்துக்கு ஒரு பண்பு. பொறுமை, நன்றி, நேர்மை என்று வரிசையாக வரும். அந்த மாதம் அப்படி நடந்துகாட்டும் பிள்ளைக்கு ஒரு பேட்ஜ். பிள்ளைகள் அம்மாவைப் பண்பு டீச்சர் என்பார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். பொறுமை மாதத்தில் பேட்ஜ் அச்சாகி வரத் தாமதமானதற்கு, அச்சகத்துக்காரரை அம்மா போனில் வாங்கிய வாங்கு இருக்கிறதே, அந்த மனுஷன் அப்புறம் இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

நேற்று ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் பேசிக்கொண்டே இருந்தவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரை உயிர் இருந்தது. நடுவில் ஒருமுறை கண் திறந்து அவள் கையைப் பிடித்து, "அவனுக்குச் சொல்லாதே" என்றார். அவ்வளவுதான் பேச்சு. இன்று காலை அவள் முதல் வேலையாக அண்ணனுக்குப் போன் செய்தாள். அவன் "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

அதிகாரி வந்தார். கூடவே பக்கத்துப் பள்ளிகளின் பிள்ளைகளும் வரிசை வரிசையாக வந்து முன்வாசலை அடைத்துக்கொண்டார்கள். எழுத்தர் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"சாவு வீட்டுக்கு எதுக்குய்யா மைக்கு?" என்றாள் சித்தி.

"பின்னாடி நிக்கிற பிள்ளைங்களுக்குக் கேக்க வேணாமாம்மா?"

சித்தி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். வந்தவள் அவள் காதோரம் குனிந்தாள். "பெரியவன் வந்திருக்கான்டி. எதிர்த்த டயர் கடை வாசல்ல நிக்கிறான். உள்ள வாடான்னா கல்லு மாதிரி நிக்கிறான். இன்னும் கொஞ்ச நேரத்துல எடுத்துடுவாங்க. பெத்தவ முகத்தைப் பார்க்காமப் போனா அவன் காலத்துக்கும் வெந்து சாவான். நீ போய்க் கூப்பிடு."

அண்ணன் கணக்கு வாத்தியாராக இருந்தவன். ஒரு பொதுத்தேர்வில், தேர்ச்சி குறையக் கூடாது என்று தலைமையாசிரியர் நெருக்க, விழித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் விடையை எழுதிப் போட்டான். அந்த நேரம் பார்த்து ஆய்வுக்கு வந்து வாசலில் நின்றது அம்மா. வேறு யாராக இருந்தாலும் கனைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போயிருப்பார்கள். அம்மா அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். மகனுக்கு வேலை போனது. தலைமையாசிரியர் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று கைவிரித்தார். அண்ணன் வீட்டை விட்டுக் கிளம்பினான். அம்மா இரு என்று சொல்லவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூடப் போகிறது. அம்மா அதைப் பாடமாகவும் ஆக்கிவிட்டார். ஆறாம் வகுப்புக்கான நேர்மைப் பாடம். பெயரெல்லாம் கிடையாது. ஒரு தாய், ஒரு மகன். கடைசியில் மகன் திருந்தித் திரும்பி வருகிறான், தாய் அவனைக் கட்டி அணைத்துக்கொள்கிறாள். வருஷா வருஷம் மாவட்டம் முழுக்க அவன் திரும்பி வந்துகொண்டே இருந்தான், வீட்டுக்கு மட்டும் வந்ததில்லை.

அவள் பிள்ளைகளை விலக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள். அண்ணன் பழைய டயர் அடுக்கின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மீசை நரைத்துவிட்டிருந்தது.

"வா, அண்ணா."

"இங்கயே இருக்கேன் பாப்பா. எடுத்ததும் போயிடுவேன்."

இந்த வயதில் அவளைப் பாப்பா என்று கூப்பிட அவன் ஒருவன்தான் மிச்சம். அவள் பதில் சொல்வதற்குள் மைக்கில் அதிகாரியின் குரல் தெருவெல்லாம் கேட்டது.

"நேர்மைப் பாடத்துல வர்ற அந்தத் தாய் யாருன்னு தெரியுமா பிள்ளைகளே? இதோ, இங்க உறங்கிக்கிட்டிருக்காங்களே, இவங்கதான்! தப்பு செஞ்சது சொந்த மகன்னும் பார்க்கல. அந்த மகன் திருந்தித் திரும்பி வந்தப்போ தாய் என்ன செஞ்சாங்க?"

"கட்டி அணைச்சாங்க!" என்று அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள். உடனே படபடவென்று கைதட்டல். பிறகு திடீரென்று அது நின்றது. ஆசிரியைகள் உஷ் உஷ் என்று அடக்கும் சத்தம். யாரோ ஒரு பெண், "அடப்பாவிகளா, பிணத்தை வச்சுக்கிட்டா கை தட்டுவீங்க?" என்று அலறினாள். சித்தியின் குரல்.

"பாவம், பிள்ளைங்க மேல தப்பு இல்ல," என்றான் அண்ணன். "அந்த இடம் வந்தா கை தட்டணும்னு வகுப்புல பழக்கியிருக்காங்க. எம் பொண்ணு வீட்டுல ஒப்பிக்கும்போதுகூட அந்த இடத்துல தட்டும்."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. 'நல்ல அம்மாப்பா அவங்க, இல்ல?'ன்னு என்னையே கேட்டா. ஆமான்னேன்." அவன் சிரிக்கப் பார்த்தான். "போ பாப்பா. நான்தான் எப்பவோ வந்துட்டேனே. கைகூடத் தட்டியாச்சு. இன்னொரு தடவை எதுக்கு?"

அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். விட்டால் போய்விடுவான் என்று தெரிந்தது.

"அம்மா கடைசியில என்னைக் கேட்டாங்களா?" என்றான் அவன், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

கேட்டார் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. உன் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் உயிர் போனது என்றால் அழுதுகொண்டு பின்னாலேயே வந்துவிடுவான். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. அப்படி ஒரு முடிவை ஏற்கெனவே ஒருவர் எழுதி, இப்போதுதான் ஊரே கை தட்டியிருக்கிறது.

"உனக்குச் சொல்ல வேண்டாம்னாங்க," என்றாள்.

அவன் அவளையே பார்த்தான். பிறகு நெஞ்சிலிருந்து ஒரு பெரிய மூச்சு வெளியே வந்தது. "அப்பாடா," என்றான். "இத்தனை வருஷத்துல ஒருத்தியாவது உள்ளதைச் சொன்னியே."

"இன்னொன்னும் இருக்கு. அந்தப் பாடம் வந்த புதுசுல நான் சண்டை போட்டேன். நேர்மைப் பாடத்துலயே பொய் எழுதியிருக்கியேம்மான்னு கேட்டேன். 'பொய் இல்லடி, இன்னும் நடக்கல, அவ்வளவுதான்'னாங்க."

அவன் முகம் கோணியது. "பாடம் எழுதத் தெரிஞ்சவங்களுக்கு ஒரு போன் போடத் தெரியாதா?"

"உனக்கு மட்டும் வீட்டு நம்பர் மறந்து போச்சா?" அவளுக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வந்தது. "ரெண்டு பேரும் விறைச்சுக்கிட்டுக் கிடந்தீங்க. நடுவுல கிடந்து செத்தது நான். அவங்க மேலயும் எனக்கு ஆத்திரம், உன் மேலயும் ஆத்திரம். இப்ப வரியா, இல்லையா?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். செருப்பை டயர் கடை வாசலிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு தெருவில் இறங்கினான்.

வாசலில் எழுத்தர் வழி மறித்தார். "சார் யாரு?"

"பாடத்துல வர்ற மகன்," என்றாள் அவள். "இன்னைக்குத்தான் வர்றார்."

பக்கத்திலேயே நின்ற அதிகாரியின் கையில் மைக் இன்னும் திறந்தே இருந்தது. அவள் சொன்னது கரகரத்துக்கொண்டு தெருவுக்கே கேட்டது. அதிகாரி எதையோ சொல்ல வாயெடுத்து, மைக்கைக் கீழே வைத்தார். பிள்ளைகள் அண்ணாந்து அவனைப் பார்த்தார்கள். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம், "அப்ப கட்டி அணைக்கவே இல்லையா?" என்று கேட்டாள். யாரும் அவளை அடக்கவில்லை.

அவன் அம்மாவின் தலைமாட்டில் போய் நின்றான். முகத்தைப் பார்த்தான். தொடவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல் இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, தலைமையாசிரியர் அறையில் நிற்கும் பையனாட்டம் நின்றான். சித்தி அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு, பிறகு அங்கேயே முகம் புதைத்து அழுதாள்.

அம்மாவைப் பெட்டியில் வைத்து மூடினார்கள். தூக்க வந்தவர்களில் ஒருவர், "தலைப்பக்கம் யாரும்மா?" என்று கேட்டார். "அலுவலகத்துல இருந்தே ஆள் ஏற்பாடு பண்ணியிருக்கோம்," என்று எழுத்தர் மெல்ல ஆரம்பித்தார்.

"அண்ணன்," என்றாள் அவள்.

அவன் தோள் கொடுத்தான். மற்றவர்களும் கொடுத்தார்கள். எல்லோரும் எழுந்தபோதுதான் தெரிந்தது, அவன் மற்றவர்களைவிட ஒரு தலை உயரம். பெட்டி கால் பக்கமாகச் சரிந்தது. உள்ளே எதுவோ வழுக்கி நகரும் சத்தம் கேட்டது.

"இருங்க, இருங்க," என்றான் அவன்.

முழங்காலை மடக்கி முதுகை வளைத்தான். பெட்டி மட்டமானது. "ம், நடங்க," என்றான். பிள்ளைகள் விலகி வழிவிட்டார்கள். அந்த மடங்கிய காலோடு, நெற்றி நரம்பு புடைக்க, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தான். வண்டி தெருமுனையில் நின்றிருந்தது. பின்னால் வந்தவர் ஒருவர், "நான் மாத்திக்கவா?" என்று கேட்டார்.

அவன் தலையசைத்து மறுத்துவிட்டான். வண்டி வரைக்கும் நிமிரவே இல்லை.