நாற்பத்தோராவது ஃப்யூஸ்

மெக்கானிக் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தபோது போன் அலறியது. கட்டடத்து மேனேஜர்.

“இன்னிக்கும் லிஃப்ட் செத்துக் கிடக்காமே? ஒன்றரை மாசமா தினம் காலைல இதே கதை. நாளைக்குள்ள ஃப்யூஸைத் திருடற ஆளைப் பிடிங்க. இல்லேன்னா வேற மெக்கானிக்கைப் பார்த்துக்கறேன்.”

நான்கு மாடிக்கும் மேலே, மொட்டைமாடியில் மோட்டார் அறை. பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே கண்ட்ரோல் பெட்டியைத் திறந்தார். அதேதான். ஒரே ஒரு ஃப்யூஸைக் காணோம். இது நாற்பதாவது.

பக்கத்திலேயே செம்புக் கம்பி சுருள் சுருளாகக் கிடக்கிறது. அதைத் தொடாமல் விரல் நீள ஃப்யூஸை மட்டும் கழற்றி, மூடியைப் பழையபடி திருகிவிட்டுப் போகிற திருடன் எந்த ஊர்த் திருடன்?

இன்னொன்றும் புரியவில்லை. முதல் வாரம் இதே படிகளில் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்தவர் அவர். இன்று ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கவில்லை. ராத்திரி படுத்தால் அடித்துப் போட்டது போலத் தூக்கம். வேலை போகப்போகிறவனுக்கு உடம்பு ஏன் இப்படித் தேறுகிறது?

கீழே வந்து, ‘மீசை’ என்று எல்லோரும் கூப்பிடும் வாட்ச்மேனை மடக்கினார்.

“மேல போனியா?”

“நானா? என் தொப்பையைப் பார்த்துட்டுக் கேளுங்கண்ணே. முதல் மாடியிலயே ஆம்புலன்ஸ் வரணும். நீங்கதான் வரவர மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க. பேன்ட் கழண்டு விழுது, பார்த்து.”

மீசை இல்லை. பின்னே யார்?

இதே கட்டடத்தில் துப்புரவு மேற்பார்வை பார்க்கும் மனைவியிடம்கூட உண்மையைச் சொல்லாமல், வெளியே அவசர வேலை, முடித்துவிட்டு இங்கே வருகிறேன் என்று மறுநாள் விடியும் முன்பே கிளம்பினார். மோட்டார் அறைக்குள் புகுந்து, கதவைச் சாத்தித் தானாகப் பூட்டிக்கொள்ள விட்டு, பெட்டிக்குப் பின்னால் பதுங்கினார்.

ஏழு மணி. சாவி திரும்பியது. மெயின் ஸ்விட்ச் அணைந்தது. மூடி திறந்து ஃப்யூஸ் கழன்றது. முறையாக வேலை தெரிந்த கை. பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

கண்ணாடி வளையல்கள்.

“நீயா?”

மனைவி திடுக்கிட்டாள்; இடுப்பில் துப்புரவுக்காகக் கொடுத்த சாவிக்கொத்து குலுங்கியது; ஃப்யூஸை மட்டும் விடவில்லை. “லிஃப்ட்ல யாரும் இல்லைன்னு பார்த்துட்டுத்தாங்க வந்தேன்.”

“என் வேலைக்கே உலை வெச்சுட்டியே. நான் உனக்கு என்ன பண்ணினேன்?”

“தினம் கொஞ்சம் நடங்கன்னு காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினேன். லிஃப்ட் மெக்கானிக் படியேறினா ஊர் சிரிக்கும்னீங்க. வேற வழி தெரியல. நிதானமா நாலு மாடி ஏறலாம், ஏறியே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“எந்த டாக்டர்? எனக்கு என்ன?”

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“வேலை போனா வேற தேடிக்கலாங்க. மூணு மாசம் முன்னாடி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாஞ்சீங்களே. நீங்க பயந்தே படுத்துடுவீங்கன்னு, வாய்வுன்னு சொல்லி மாத்திரை குடுத்துட்டிருக்கேன்.”

“ஆமா, வாய்வுதானே?”

“இல்லைங்க. அது மாரடைப்பு.”