நாடாத் துப்பாக்கி

ஜெயம் அந்தத் தெருவுக்குள் வந்தபோது துரைக்கண்ணு பக்கத்துக் கொல்லைக்காரனின் பம்புசெட் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலிலேயே நடந்து வந்திருப்பாள் போல, முகம் கன்றிப்போயிருந்தது. ஆரணியில் பட்டுத்தறி போடுகிற குடும்பத்துப் பெண்பிள்ளை ஒருத்தி அந்தத் தெருவில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. தெரு அதைக் கவனிக்காமல் இருக்குமா? ஆளுக்கொரு வாசலில் வந்து நின்றார்கள். துரைக்கண்ணுவின் மனைவி சின்னம்மா உள்ளே ஓடி, இருக்கிற ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துக் கொண்டுவந்து போட்டாள். ஜெயம் உட்காரவில்லை. சொம்பில் தண்ணீர் கொடுத்தபோது மட்டும் வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். அவள் வீட்டில் துரைக்கண்ணுவுக்கென்று தனி டம்ளர் உண்டு, தறிக்கொட்டகை ஜன்னலில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அவள் அன்றைக்கு இருந்த இருப்பில் அதெல்லாம் ஞாபகத்துக்கு வரவில்லை.

“அவரு சோத்துல கை வைக்கிறதில்லீங்க,” என்றாள். “நேத்து கெணத்துக் கட்டு மேல ஏறி ஒக்காந்துகினு இருந்தாரு. நான்தான் கையப் புட்ச்சி இட்டாந்தேன். இன்னிக்கி பக்கத்து வூட்டு ஆளுங்கள காவல் வச்சிட்டு வந்துகிறேன்.”

துரைக்கண்ணு மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லணும்.”

“இன்னான்னு?”

“துப்பாக்கில கோளாறுன்னு. அதுவா வெடிச்சிடுச்சின்னு.”

கையில் இருந்த ஸ்பேனரை அவர் கீழே வைத்தார். வேறு எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார். ஒரே பிள்ளையைப் பெற்றவனிடம் வந்து, உன் பிள்ளை பிறவி ஊனம் என்று ஊர்கூட்டிச் சொல்லு என்றால் அவன் என்ன செய்வான்? அந்தத் துப்பாக்கியில் ஒரு கோளாறும் இல்லை. அவருக்கு அது தெரியும். ஜெயத்தின் புருஷன் ஜெகநாதனுக்கும் தெரியும், ஏனென்றால் அதில் பாதி ஜெகநாதனின் கைவேலை.

துரைக்கண்ணு பட்டாளத்தில் ஆயுதம் பழுது பார்க்கிற ஆர்மரராக இருந்தவர். கூலிக்குக் களை வெட்டிய குடும்பத்திலிருந்து பட்டாளத்துக்குப் போய், பச்சைப் பெட்டியோடு திரும்பி வந்த முதல் ஆள். நாகாலாந்துக் காட்டில் இருந்தபோது அவருடைய பொறுப்பில் சில பழைய துப்பாக்கிகள் இருந்தன. உலக யுத்த காலத்து மாடல், முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா தயாராக நிற்கும். புதருக்குள் திடீரென்று எதிரே ஆள் வந்தால் அதைப்போல ஒரு கருவி கிடையாது என்பார்கள். ஆனால் மழை பெய்தால் போச்சு, தோட்டா ஊறி, கட்டை பாதியில் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கிக்கொண்ட ஒரு காலையில் அவருடைய தோஸ்து ஒருவன் செத்துப்போனான். அதே துப்பாக்கியை இந்தக் காலத்துக்கு ஏற்றபடி, மழைக்கும் சிக்காமல், ஒல்லியாக ஒன்று செய்துவிட வேண்டும் என்ற பைத்தியம் அன்றைக்குப் பிடித்ததுதான். ரிட்டயராகி வந்து வேலூரில் ராஜவேலுவின் துப்பாக்கிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ராஜவேலுவிடம் தாத்தா காலத்து லைசென்ஸ் இருந்தது. பாங்கு வாட்ச்மேன்களின் இரட்டைக்குழல்களைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போயிருந்த மனுஷன் அவர். “செய்யி மிலிட்டரி, நல்லா வந்தா நாலு பாங்குக்குக் காட்டலாம்,” என்று தலையாட்டிவிட்டார்.

குழலும் உள்வேலையும் துரைக்கண்ணு பார்த்துக்கொண்டார். முன்கட்டைக்குத்தான் ஆள் தேவைப்பட்டது. ஆயிரம் தடவை இழுத்துத் தள்ளினாலும் தேயாத கட்டை, அதை மயிரிழை பிசகாமல் இழைக்கிற கை. ஆரணியில் தறிக்கு மரவேலை பார்க்கிற மேஸ்திரி ஜெகநாதன் என்று யாரோ கைகாட்டினார்கள். மேஸ்திரிக்குத் துப்பாக்கியைப் பற்றி அரிச்சுவடியும் தெரியாது. இழுப்பது எதற்கு, தள்ளுவது எதற்கு என்று திரும்பத் திரும்பக் கேட்டார். விளங்கவைத்து விளங்கவைத்துப் பார்த்து, கடைசியில் துரைக்கண்ணு தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவைக் காட்டித்தான் சொன்னார். “உங்க நாடா மாதிரிதாண்ணே. அந்தாண்ட ஓடுது, இந்தாண்ட ஓடுது. நாடா நூலத் தூக்கினு ஓடுதில்ல, இது தோட்டாவத் தூக்கினு ஓடுது.” சட்டென்று பிடித்துக்கொண்டார் ஜெகநாதன். நாடாவுக்குப் போடுகிற வைரம் பாய்ந்த மரத்திலேயே கட்டை இழைத்தார். அன்றிலிருந்து அந்தக் கொட்டகையில் அதற்கு நாடாத் துப்பாக்கி என்றுதான் பெயர். ஜெகநாதனின் தம்பி சதீஷ் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டே, “அண்ணன் நெய்யற சேல எப்போ தறிலருந்து அறுப்புக்கு வருது?” என்று கிண்டல் செய்வான்.

நாடாவுக்குள் ஒரே ஒரு தார்தான் இருக்கும், நூல் சுற்றிய சின்னக் குச்சி. நூல் தீர்ந்தால் குச்சியை வெளியே எடுப்பார்கள். குச்சி வெளியே வந்துவிட்டால் நாடா காலி. பிறந்ததிலிருந்து பார்க்கிற விஷயம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் துப்பாக்கியில் ஒரு தோட்டா வெளியே விழும்போதே பின்னால் இருக்கிறது அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிடும். இழுத்துத் தள்ளியதே அதைக் கூப்பிட்டு உட்காரவைத்ததாகிவிடும். இதைத் துரைக்கண்ணு சொல்லாமல் இல்லை. சொன்னார். ஆனால் சொன்னது காதில் இருந்தது, நாடா கையில் இருந்தது.

அன்றைக்குக் கல்குவாரியில் சுட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. துப்பாக்கி மழையிலும் சிக்கவில்லை. துரைக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. சாக்கில் சுற்றிக்கொண்டு கொட்டகைக்கு வந்து சேர்ந்ததும் ராஜவேலு லைனில் இருக்கிறார் என்று எஸ்டிடி பூத்திலிருந்து ஆள் வந்தான். “உள்ள தோட்டா இருக்குது, தொடாதீங்க, இதோ வந்துட்டேன்,” என்று சொல்லிவிட்டுத் துரைக்கண்ணு ஓடினார். நல்ல சேதி சொல்லப்போகிற ஓட்டம். தோட்டா இருக்கிற துப்பாக்கியை அடுத்தவர் மடியில் வைத்துவிட்டுப் போகிற ஆர்மரரைப் பட்டாளத்தில் என்ன செய்வார்கள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஜெகநாதன் நல்ல மனசோடுதான் எடுத்தார். மிலிட்டரி திரும்பி வருவதற்குள் காலி செய்து, துடைத்து வைத்துவிடலாம் என்று நினைத்தார். ஒரு தடவை இழுத்துத் தள்ளினார். ஒரு தோட்டா வெளியே வந்து விழுந்தது. அதை எடுத்துத் தம்பியிடம் காட்டி, “தார் தீந்திச்சி,” என்றார். சிரித்திருப்பார்கள். பிறகு காலிதானே என்று விசையை அழுத்தினார். பூத்தில் ராஜவேலுவோடு பேசிக்கொண்டிருந்த துரைக்கண்ணுவுக்குச் சத்தம் கேட்டது. மற்றவர்கள் பட்டாசு என்றார்கள்.

போலீஸிடம் ஜெகநாதன் ஒரே வார்த்தைதான் சொன்னார். “நான்தான் கொன்னேன்.” கேட்ட கேள்விக்கெல்லாம் அதுவே பதில். அண்ணன் தம்பிக்குள் தகராறு ஏதாவது உண்டா என்று ஊரே யோசிக்க ஆரம்பித்துவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை எதைக் கொண்டு மூடுவது? ஜாமீனில் வீட்டுக்கு வந்தவருக்கு முன்னால் சதீஷின் பெண்டாட்டி திலகவதி அதே கூரைக்குக் கீழே, அதே அடுப்படியில் நடமாடிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. துப்பாக்கி சோதனைக்கு மெட்ராசுக்குப் போயிருந்தது. செய்தவன் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும், கோளாறா கைத்தப்பா என்று இன்ஸ்பெக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். கைத்தப்பு என்று எழுதிக் கொடுத்துவிடு, துப்பாக்கியாவது பிழைக்கும் என்று ராஜவேலு சொன்னார். துரைக்கண்ணு போகாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

“எங்க கொழுந்தனாரு போயிட்டாரு,” என்றாள் ஜெயம். “இவரையும் வாரிக் குடுக்க முடியாதுங்க. உங்க காலுல வேணும்னாலும் வுழுறேன்.”

“அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா,” என்று எழுந்தார் துரைக்கண்ணு. சின்னம்மா அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். “பழிய நீ ஏத்துகினா உன்னை உள்ள தள்ளுவானுங்க. அவங்களுக்கு ஆயிரம் பேரு கீறாங்க. நமக்கு யாரு?” என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. துரைக்கண்ணு சட்டையை மாட்டிக்கொண்டார்.

பஸ்ஸில் ஜெயம் முன்னால் உட்கார்ந்தாள், அவர் பின்னால் நின்றுகொண்டே வந்தார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். மெட்ராசிலிருந்து ரிப்போர்ட் வந்தால் இந்தப் புளுகின் ஆயுசு முடிந்தது. அதுவரைக்கும் ஒரு மனுஷன் நாலு வாய் சோறு சாப்பிட்டால் போதாதா என்று ஒரு மனசு கேட்டது. இன்னொரு மனசுக்குத் துப்பாக்கிதான் ஞாபகம். மழையில் நனைந்தபடி ஒரு தடவைகூடச் சிக்காமல் அது ஓடிய ஓட்டம். வாழ்க்கையில் அவர் ஒழுங்காகச் செய்து முடித்த ஒரே காரியம் அது. அதற்காக அவருக்கு அழுகை வந்தது. செத்தவனை நினைத்து அழாமல் இரும்பை நினைத்து அழுகிறோமே என்று தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

வீட்டுக்கு முன்னால் பங்காளிகள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜெகநாதன் கூடத்துச் சுவரில் சாய்ந்து கிடந்தார், தாடி மண்டியிருந்தது. துரைக்கண்ணு வாசற்படிக்கு வெளியே நின்றார். திலகவதி உள் நிலைப்படியில் வந்து நின்றாள். அவளே கேட்டாள்.

“சொல்லுங்க. அன்னிக்கி இன்னா நடந்திச்சி?”

“துப்பாக்கில கோளாறும்மா,” என்றார். ராணுவத்தில் ரிப்போர்ட் கொடுக்கிற குரல் வந்துவிட்டது. “தோட்டாவத் தட்டற குதிர சரியா நிக்கல. அது நான் செஞ்சது. மேஸ்திரி விசையத் தொட்டிருக்கவே தேவையில்ல, அதுவே வுழுந்துகீது. அவரு மேல ஒண்ணும் இல்ல.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் இருந்தவர்கள் நம்பிவிட்டார்கள். நம்புவதற்குக் காத்துக்கொண்டிருந்த மாதிரி நம்பினார்கள். “நம்ம ஆளு கைல அப்படி நடக்குமா?” என்றார் ஒருவர். “நான் அப்பவே சொன்னேன், அந்தாள கொட்டாய்க்குள்ள வுடாதீங்கன்னு,” என்றார் இன்னொருவர். துரைக்கண்ணு அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். இருந்தாலும் இவ்வளவு ஜல்தியில் நம்புவார்கள் என்று நினைக்கவில்லை.

திலகவதி உள்ளே போய், தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து, ஜெகநாதனின் எதிரே வைத்தாள். தட்டு தரையில் பட்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

“துன்னுங்க மாமா,” என்றாள். ஜெயம் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

திலகவதி திரும்பி வாசலைப் பார்த்தாள். இத்தனை காலம் நீங்க, வாங்க என்று பேசியவள்தான்.

“நீ போ,” என்றாள். “இனிமே இந்தத் தெருப்பக்கம் வராத.”

துரைக்கண்ணு தலையை ஆட்டிவிட்டு நடந்தார். யாரும் தடுக்கவில்லை. தெருமுனைக்கு வருவதற்குள் பின்னால் செருப்பில்லாத கால் சத்தம் கேட்டது. ஜெகநாதன்தான். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்திருந்தார். கண்கள் குழிக்குள் போயிருந்தன.

“எதுல கோளாறு?” என்றார்.

“அதான் சொன்னேனேண்ணே. குதிரைல.”

ஜெகநாதன் அவர் முகத்தையே பார்த்தார். பொய் சொல்கிறவர்கள் எதிராளியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொள்வார்கள் என்பார்கள். இங்கே பொய் சொன்னவர் நிமிர்ந்துதான் நின்றார்.

“குதிர நல்லாத்தான் இருந்திச்சி, மிலிட்டரி,” என்றார் ஜெகநாதன் மெதுவாக.

துரைக்கண்ணு அவர் கையைப் பிடித்து, வந்த வழியே திருப்பிவிட்டார். “சோறு ஆறுதுண்ணே. போங்க. அந்தப் பொண்ணு போட்ட சோறு.”

ஜெகநாதன் போனார். வாக்குமூலம் கொடுக்கப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற வழி அந்த வீட்டின் பக்கச் சந்து வழியாகத்தான். ஜன்னல் திறந்திருந்தது. பார்க்காமல் போய்விட வேண்டும் என்றுதான் துரைக்கண்ணு நினைத்தார், கால் நின்றுவிட்டது. கூடத்தில் ஜெகநாதன் தட்டுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் எடுத்தார். வாய்க்குப் பக்கத்தில் போன கை அங்கேயே நின்றது. திலகவதி குழம்புக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கை மேலே போகட்டும் என்று எதிரே நின்றுகொண்டிருந்தாள்.