பதிமூன்றாவது கண்ணாடி

"ரூபேசுகிட்ட இன்னாடி குறை கண்ட? ஃபேக்டரி வேலை, குடி கெடையாது, தலையில முடிகூட கீது." ரத்தினம்மா கத்தியது மைசூர் மைன்ஸ் லைன் வீடுகள் முழுக்கக் கேட்டது. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒற்றைச் சுவர் என்பதால் எனக்குக் கூடுதலாகவே கேட்டது.

"குறை இல்லம்மா. பெட்டி வரட்டும், சொல்றேன்," என்றாள் மகள் குணசுந்தரி.

"கண்ணாடித் துண்டா உனக்குத் தாலி கட்டப் போவுது?"

கட்டுகிறவன் யாரென்று ரத்தினம்மாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும். குணசுந்தரி பெங்களூர் ஆய்வகம் ஒன்றில் கண்ணாடிமேல் படலம் பூசுகிறவள். வெங்காயச் சருகைவிட ஆயிரம் மடங்கு மெலிசு. சுருட்டி வைக்கிற டிவிக்காம். அதிலுள்ள மூலக்கூறுகள் நிற்கின்றனவா, படுத்திருக்கின்றனவா என்பதைப் பொறுத்துத்தான் மின்சாரம் ஓடும். அதை எக்ஸ்ரேயால் அளப்பவன் பக்கத்து லைன் லாய்ட். ஆறு வருடம் இருவருக்கும் ஒரே காலை ரயில், பக்கத்துப் பக்கத்து சீட். போன வருடம் ஜெர்மனிக்கு அளக்கப் போனவன், "உன்னையும் கூப்பிட்டுக்கிறேன்" என்றானாம்.

அளப்பதற்குப் பன்னிரண்டு கண்ணாடி கேட்டிருந்தான்; இவள் பெட்டியில் பதிமூன்று வைத்து அனுப்பினாள். ஒவ்வொன்றின் முதுகிலும் எண்ணைக் கீறுவது வழக்கம். கடைசிக் கண்ணாடியில் மட்டும் எண்ணுக்குக் கீழே, "எப்ப கூப்பிடுவ?" காபித்தூள் கேட்கப் போனேன், கண்ணில் பட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை பெட்டி திரும்பி வந்தது. மறுபடியும் காபித்தூள் தீர்ந்திருந்தது எனக்கு. எக்ஸ்ரே பட்ட இடத்தில் மங்கலாக ஒரு கோடு விழும். அந்த இடத்தை இன்னொரு முறை அளக்க முடியாது. குணசுந்தரி வாசல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். பதிமூன்றிலும் கோடு இருந்தது. கூட வந்த தாளில், "13: பட்டியலில் இல்லை. மூலக்கூறுகள் நேராக நிற்கின்றன. அருமையான படலம்."

"எழுதினத அவன் பாக்கலையோ இன்னாவோ," என்றேன்.

"நம்பர் பாக்க திருப்பித்தான் ஆவணும் அக்கா."

அந்தக் கோட்டை விரலால் தடவப் போனவள், தொடாமல் விரலை இழுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்த ரூபேஷ் வீட்டார், இவள் வேண்டாம் என்றதில், கேசரியோடு திரும்பினார்கள். ரூபேஷ் சித்திரையில் மம்தா என்று வேறொருத்தியைக் கட்டினான். லாய்ட் ஜெர்மனியிலேயே ஒருத்தியை மணந்துகொண்டான்; போட்டோவை நான்தான் முதலில் பார்த்தேன். குணசுந்தரி தைவானுக்குப் போய்விட்டாள். இப்போது அவளே பூசி, அவளே அளக்கிறாளாம். பன்னிரண்டு கண்ணாடியும் ஆய்வகத்துக்கே போயின. பதிமூன்றாவதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். சூட்கேஸில் இடமா இல்லை?