பத்து நாள் தீட்டு

அந்த இரண்டாம் சனிக்கிழமை காலை வாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர்: ஸௌரிராஜன், அவர் மகன் பார்த்தா, விவாகரத்தாகிப் போன மருமகள் நீரஜா, ஏழு வயதுப் பேத்தி மைத்ரேயி, கோர்ட்டு அமீனா கங்கையா.

ஸௌரிராஜன் அப்போதுதான் திருப்பதிக் கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவித்துவிட்டு வந்திருந்தார். அமீனாவையும், அவர் கையிலிருந்த உத்தரவையும், சித்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து நின்ற நீரஜாவையும் பார்த்ததும் அவர் படியிலேயே நின்றுவிட்டார். மாதம் இரண்டு சனிக்கிழமை குழந்தை அம்மாவோடு இருக்க வேண்டுமாம். இந்தக் குடும்பத்தில் அதற்கும் முத்திரை குத்திய தாள்! ஜுரம், பரீட்சை என்று சொல்லி பார்த்தா அவளை இரண்டு தரம் வெறுங்கையோடு அனுப்பியிருந்தான்.

இன்று புதிதாக ஒன்று வைத்திருந்தான்.

"எங்க சித்தப்பா பரமபதிச்சுட்டார். பத்து நாள் தீட்டு. குழந்தையை அனுப்பப்படாது."

கங்கையா இரண்டடி பின்வாங்கினார். "சாவுத் தீட்டா? அப்ப நான் இன்னா பண்றது சாமி? அப்டியே எழுதிக்கினு போறேன். இன்னொரு தபா வரலாம்மா."

"இது மூணாவது தடவை," என்றாள் நீரஜா. மைத்ரேயி கதவைப் பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள்.

"யாருடா போனா?" என்றார் ஸௌரிராஜன்.

"காஞ்சிபுரத்துச் சித்தப்பா."

"நேத்து சாயங்காலம் போன்ல அரை மணி என்னோட வம்பளந்தானே, அவனா?"

பார்த்தா அவர் காதருகே வந்தான். "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோப்பா. அவா போயிடுவா."

"சொல்றேன். தீட்டோட கோயில்ல நின்னு சேவிச்சவன் ஸௌரிராஜன்னு கோர்ட்டு ரிக்கார்டுல ஏறட்டும். ஒரு பொம்மனாட்டியை ஏய்க்க, உயிரோட இருக்கறவனைச் சாகடிக்கறியே, தூ! தள்ளு."

உள்ளே போய்க் குழந்தையின் பையை அவரே எடுத்துவந்தார்.

"ரொம்ப நன்றி மாமா," என்றாள் நீரஜா.

"உனக்காக இல்லே. சாயங்காலம் ஆறு மணி. ஒரு நிமிஷம் தாண்டினாலும் இதே அமீனாவை நான் அழைச்சிண்டு வருவேன்."

"அதுக்குத் தனியா மனு போடணும் சாமி," என்றார் கங்கையா.

"நீர் வாயை மூடும்."

அமீனா வீட்டுக்குள் புகுந்து குழந்தையை இழுத்துப் போனதாகவும், கிழவர் பயந்து ஒதுங்கி நின்றதாகவும் தெருவில் சொல்கிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. அமீனா படியேறவே இல்லை. மைத்ரேயியைக் கைபிடித்து ஆட்டோவில் ஏற்றியவர் ஸௌரிராஜன்.