படகில் வைத்த பொட்டு

திண்டிவனம் கல்லூரி ஆய்வக ஃபர்னஸில் ஆயிரம் டிகிரி சூட்டில் ஒரு குவார்ட்ஸ் குழாய். அதற்குள் அசிட்டிலீன் வாயுவை விட்டால் அது சிதைந்து, கரி மட்டும் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகப் படியும். உலோகம் எதுவும் வேண்டாம், தானாகவே உருளும் என்பதுதான் என் ஆய்வேடு. வம்பும் அங்கேதான்.

“குழாயில எங்கயாவது இரும்பு ஒட்டிக்கினு இருந்தா? இல்லன்னு எப்படிம்மா சொல்ற?” என்று கைடு விருத்தாசலம் சார் கேட்டுவிட்டார். அடுத்த கூட்டத்தில் பதில் சொல்லாவிட்டால் தலைப்பே போய்விடும். அன்று எங்கள் ஊர் காணைக்குத் திரும்பும்போது பஸ் கண்டக்டரிடம்கூடச் சண்டை போட்டேன்.

பூஜை லீவு முடிந்து நானும் ஜூனியர் தென்னரசும் சோதனையை மறுபடி ஓட்டினோம். கரியைப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் உருண்டையைக் காணோம். சேமியா மாதிரி நூல் நூலாக இருந்தது.

வாயுவா, சூடா, ஓட்டையா? எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கரியைப் பிடிக்கக் குழாய்க்குள் வைக்கும் குட்டிப் பீங்கான் படகுகளை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றின் உள்ளேயும் துடைத்தும் போகாத சிவப்பு.

“தென்னரசு, என்னடா இது?”

“ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்சேங்க்கா. எல்லாத்துக்கும் வச்சிக்கினே வந்தேன், இத மட்டும் உட்டா பாவமில்ல? அப்புறம் துடைச்சிட்டேன்” என்றான்.

திட்ட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அந்தச் சிவப்பில் என்ன இருக்கிறது? குங்குமத்தை அமிலத்தில் கரைத்துச் சோதித்தோம். நிறத்துக்குக் கலந்த காவியில் இரும்பு இருந்தது.

அடுத்து ஒரே குழாயில் இரண்டு புதுப் படகுகள் வைத்தோம். ஒன்றில் பொட்டு, ஒன்றில் இல்லை. அதே வாயு, அதே சூடு. பொட்டு வைத்ததில் சேமியா, வைக்காததில் வழுவழுவென்று உருண்டைகள். இரண்டையும் படமெடுத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் சார் அதே கேள்வியைக் கேட்டார். இரண்டு படங்களையும் வைத்தேன். “இரும்பு இருந்தா நூலாத்தான் வரும் சார். உருண்டை வந்தா இரும்பு இல்லன்னு அர்த்தம்.”

படங்களைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தார். “தலைப்பு அப்படியே இருக்கட்டும். இந்த இரும்பு எங்க கெடைச்சுது?”

“ஆயுத பூஜையில சார்.”

வெளியே வந்ததும் தென்னரசு மெல்லக் கேட்டான். “அடுத்த வருசமும் வைக்கட்டுமாக்கா?”

“ஃபர்னஸுக்கு வை. படகைத் தொட்ட, கையை உடைப்பேன்” என்றேன். தலைப்பு பிழைத்த நிம்மதியில் சொல்லும்போதே அழுதுவிட்டேன்.