சம்பந்தி வாய் திறக்காத காலைச் சாப்பாடு

தோர்கெய்ர் ஹௌக்லாண்ட் வீட்டு மேசையிலிருந்து நான்கு தலைமுறையாக எந்த விருந்தாளியும் பசியோடு எழுந்ததில்லை. மலைகளுக்கிடையே நுழைந்த கடலான அந்த ஃபியோர்டின் இரு கரையும் அறிந்த விஷயம் அது.

அவருடைய மகள் ரன்வெய்க்குக்கு மறுநாள் கல்யாணம். மாப்பிள்ளை இங்கிலாந்துக்காரன். மாப்பிள்ளையின் தகப்பனார் த்வெய்ட், வந்திறங்கியதுமே ஒரு பேச்சு பேசிவிட்டார்: "உங்க நார்வே பாஷையில எங்க வார்த்தைங்க நிறையக் கலந்திருக்கு போல."

தோர்கெய்ருக்குத் தூக்கமே வரவில்லை. காலையில் மேசைக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சம்பந்தி, எக், நைஃப், விண்டோ எல்லாம் எங்க முன்னோர் கப்பலேறி வந்து உங்களுக்குக் குடுத்தது. விண்டோன்னா காத்தோட கண்ணுன்னு அர்த்தம். எங்களுக்கு ஸ்கைன்னா மேகம். நீங்க வாங்கிட்டுப் போயி மொத்த வானத்துக்கும் அதையே மாட்டிட்டீங்க. இதையெல்லாம் ஒத்துக்கிற வரைக்கும் அந்த வார்த்தைங்களை இங்க நீங்க சொல்லக் கூடாது."

த்வெய்ட் யார்க்ஷயர்க்காரர். வீம்புக்கு அங்கே பஞ்சமில்லை. "சரிங்க" என்று கையைக் கட்டிக்கொண்டார்.

முட்டைக் கூடை அவர் கைக்கு எட்டவில்லை. கேட்க வார்த்தை இல்லை. ஜன்னல் வழியே குளிர் வெட்டியது. மூடச் சொல்லவும் வார்த்தை இல்லை.

"அப்பா, 'அவங்க'ன்னு சொல்ற 'தே'கூட நம்மளதுதான். பாவம், எதைத்தான் பேசுவாரு?" என்றாள் ரன்வெய்க்.

"வானிலையைப் பேசட்டும். அவங்களுக்கு அதுதானே பொழப்பு."

"ஸ்கை நம்மளதாச்சே."

"அவரு பேரே நம்மளதுதான். பக்கத்துப் பண்ணைக்கு என்ன பேரு? த்வெய்ட்."

அந்தப் பக்கத்துப் பண்ணை ஆஸ்லௌக் அப்போதுதான் கல்யாணக் கேக்கோடு உள்ளே வந்தாள். காலித் தட்டைப் பார்த்தாள்.

"ஏன் தோர்கெய்ர், சம்பந்தி விரதமா? இல்ல, உங்க வீட்டுல இப்பல்லாம் இப்படித்தானா?"

ஆஸ்லௌக் கண்ணில் பட்டது மதியத்துக்குள் எதிர்க்கரையை எட்டிவிடும். தோர்கெய்ரின் காது சிவந்தது. சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவது ஹௌக்லாண்ட் குடும்பத்துக்குப் பழக்கமில்லை. ஆகவே தானே ஒரு முட்டையை எடுத்து, உரித்து, உப்புத் தூவி, சம்பந்தியின் தட்டில் வைத்தார். பிறகு எழுந்து போய் ஜன்னலையும் சாத்தினார்.

த்வெய்ட் சாப்பிட்டார். மறுபடி கூடையைப் பார்த்தார். ஆஸ்லௌக் இடுப்பில் கைவைத்து நின்றாள். தோர்கெய்ர் இரண்டாவதை உரித்தார். பிறகு மூன்றாவது. ஏழாவது முட்டையில் விரல் நுனி வெந்துபோனது.

"சம்பந்தி, போதும்னா சொல்லிடுங்க. 'இனஃப்' உங்க சொந்த வார்த்தைதான். அதுக்குத் தடை இல்ல."

த்வெய்ட் மீசையைத் துடைத்துக்கொண்டார். நிதானமாக யோசித்தார். கூடையைப் பார்த்தார்.

தோர்கெய்ர் எட்டாவது முட்டையை எடுத்தார்.