பதினொன்று இருபது வரை திருவோணம்

ஈரத்துணியால் மார்பைத் துடைத்துவிடலாம் என்று அப்பாவின் சட்டையைக் கழற்றப் போன செங்கமலத்தின் கை, இரண்டாவது பொத்தானில் நின்றுவிட்டது. அது அப்பாவின் சட்டை இல்லை.

காலையில் பெரம்பலூரில் பஸ் ஏறும்போது வைத்திலிங்கம் நீலக்கோடு போட்ட சட்டைதான் போட்டிருந்தார். காலர் நைந்துபோயிருக்கிறது, வேறு போட்டுக்கொண்டு போங்கள் என்று அவள்தான் சொன்னாள். “நான் என்ன பொண்ணா பார்க்கப் போறேன்?” என்று மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு எட்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். இப்போது மணி மூன்று. அரியலூரில், தான் வாடகைக்கு விட்ட வீட்டின் ஒரே அறையில், பாயில், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு படுத்திருந்தார்.

டாக்சியில் வழி நெடுக அழுதுகொண்டு வந்தவளுக்குச் சட்டையைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது. எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ‘எமனே வந்து கூப்பிட்டாலும் எந்த வழியா வந்தேன்னு கேட்டுட்டுத்தான் இவ கெளம்புவா’ என்று அப்பா கேலி செய்வார்.

“இது யாரு சட்டை?”

காலடியில் உட்கார்ந்திருந்த சம்பூர்ணம் நிமிர்ந்தாள். அந்த வீட்டில் குடியிருப்பவள். அவள் புருஷன் முருகையன் சிமெண்ட் ஆலையில் மூட்டை கட்டும் இடத்தில் வேலை பார்த்தான்.

“எங்க மாமனாரு சட்டைங்க. ஐயா வாந்தி எடுத்துட்டாரு. அதோட படுக்கப் போட மனசு வரல. தீபாவளிக்கு எடுத்தது, மாமனாரு போடாமயே வச்சிருந்தாரு.”

மாமனார் அய்யாக்கண்ணு சுவரோரம் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். சாகப்போகிறார் என்று இரண்டு மாதமாகத் தெருவே எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஆள் அவர்தான். கண்ணை மட்டும் திருப்பிச் செங்கமலத்தைப் பார்த்தார்.

அப்பா இங்கே எதற்கு வந்தார் என்பது செங்கமலத்துக்குத் தெரியும். அந்தக் கட்டிலைக் காலி செய்யத்தான் வந்தார்.

கொத்தனாராக இருந்து மேஸ்திரியான வைத்திலிங்கம் மூன்று ஊரில் மூன்று வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். எந்த ஊரில் எவனைக் குடிவைத்தால் என்ன வரும் என்று அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. பெரம்பலூரில் சர்க்கார் உத்தியோகஸ்தன் வருவான். மாற்றல் வந்தால் தானாகப் போய்விடுவான், அது தங்கமான இடம். குரும்பலூரில் சொந்தக்காரன் வருவான். வாடகையும் கேட்க முடியாது, போகச் சொல்லவும் முடியாது. அரியலூரில் ஆலைக்காரன் வருவான். அவனுக்குச் சங்கம் உண்டு, வக்கீல் உண்டு. முன்பு இதே வீட்டில் இருந்த ஒருவனைக் காலி செய்யக் கோர்ட்டுக்கு நடந்து ஏழு வருஷம் ஓடியது, இரண்டு ஜோடிச் செருப்பும் தேய்ந்தது.

ஆனால் இதையெல்லாம்விட அவர் பயந்தது ஒன்று உண்டு. அவிட்டம் முதல் ரேவதி வரை ஐந்து நட்சத்திரத்தில் யாராவது செத்தால் அடைப்பு. செத்த இடத்தை ஆறு மாதம் பூட்டிவைக்க வேண்டும். மாடி, கூடம் என்று இருக்கிறவர்கள் ஓர் அறையைப் பூட்டிவிட்டு மற்றதில் புழங்கலாம். ஒற்றை அறையும் அடுப்படியுமாக இருக்கிற வீட்டில் எதைப் பூட்டுவது? குரும்பலூர் வீட்டில் ஒரு கிழவி சதயத்தில் கண்ணை மூடப் போய், ஆறு மாதப் பூட்டு, அதன்பிறகு ‘அடைப்பு வூடு’ என்று பேர் விழுந்து ஒன்றரை வருஷம் ஆளில்லாமல் கிடந்தது.

அன்றிலிருந்து அவர் பஞ்சாங்கம் இல்லாமல் வாடகை வசூலுக்குப் போனதில்லை. குடியிருப்பவர் வீட்டில் யாராவது படுத்தால் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் நிற்பார். குரல் உயர்த்த மாட்டார். ‘சொந்த ஊர்ல வச்சுப் பாத்துக்கங்க, அதுதான் அவங்களுக்கும் நிம்மதி’ என்பார். வாடகைப் பத்திரத்திலேயே ‘தீராத நோயாளியை வைத்திருக்கக் கூடாது’ என்று ஒரு வரி இருக்கும். இதையெல்லாம் எழுத முடியாது என்று வக்கீல் குமாஸ்தா மறுத்துவிட்டதால், அது மட்டும் அவர் கையெழுத்தில் கோணலாக இருக்கும்.

இந்த விஷயத்தில் அப்பாவை நினைத்தால் செங்கமலத்துக்கு எப்போதும் கூச்சம்தான். ஆனால் அந்த வாடகையில்தான் அவளும் வளர்ந்தாள்.

“வந்ததுல இருந்து சொல்லு, சம்பூர்ணம். ஒண்ணு விடாம சொல்லு.”

“ஒம்பதேகாலுக்கு வந்தாருங்க. பழத்தைக் குடுத்துட்டு மாமனாரு பக்கத்துல உக்காந்துக்கிட்டாரு. ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தாங்க.”

“என்ன பேசுனாங்க?”

கட்டிலிலிருந்து பதில் வந்தது. குரல் நூல் மாதிரி இருந்தது. “கொல்லச் செவுத்துல ஈரம் ஏறுதுன்னு சொன்னேம்மா. போயி தட்டிப் பாத்தாரு. ஐப்பசிக்குள்ள பூசிடறேன்னாரு.”

காலி செய்யச் சொல்ல வந்தவர் சுவர் பூசித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். செங்கமலத்துக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது. அந்த இடத்தில் சிரிக்கவும் முடியாது.

“அப்பறம் பஞ்சாங்கத்த எடுத்தாரு” என்றாள் சம்பூர்ணம். “இன்னிக்கு பதினொன்னு இருபது வரைக்கும் திருவோணம், அதுக்கு மேல அவிட்டம், அஞ்சு நாளைக்கு மோசம்னாரு. ஏதாச்சும் ஆனா நீங்களும் தெருவுல நிப்பீங்க, எனக்கும் வூடு போயிடும்னாரு. எங்க ஊரு தா.பழூருக்குப் போறதுக்கு வேனும் அவரே சொல்லிவச்சிருக்காரு, பதினொரு மணிக்கு வந்துடும்னாரு. நான் என்னங்க சொல்றது? சரின்னு துணிமணிய எடுத்துக் கட்ட ஆரமிச்சேன்.”

“தா.பழூர்ல யாரு இருக்கா உங்களுக்கு?”

“யாரும் இல்லைங்க. குடிசை இருந்துச்சு, போன மழையில விழுந்துடுச்சு.”

வெளியே செங்கமலத்தின் கணவன் ராசாங்கம் வேன் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தான். அவளுக்குத் தாய்மாமன்தான், கல்யாணமாகி இருபது வருஷமாகியும் மாமா என்றுதான் கூப்பிடுவாள். டயர் வெடித்து ஒரு மணிக்கு வந்து சேர்ந்த அந்த வேனில்தான் இப்போது அப்பாவைக் கொண்டுபோக வேண்டும். ராசாங்கம் வந்ததும் மச்சானின் காலைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டதும் மஞ்சள் பையில் கைவிட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்தான்.

செங்கமலம் அடுப்படிப் பக்கம் கண்ணைக் காட்டினாள். சம்பூர்ணம் எழுந்து பின்னாலேயே வந்தாள்.

“எத்தன மணிக்கு உசுரு போச்சு?”

சம்பூர்ணம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். “ஆலையில பன்னெண்டு மணிக்கு ஊதுனாங்க. அதுக்கப்பறம் கால் மணி நேரம் இருக்கும்.”

அப்படியானால் அவிட்டம். சந்தேகமே இல்லை.

“வேர்க்க ஆரமிச்சப்ப மணி பத்தே முக்கா. வாயுதான்னாரு. பக்கத்து வூட்டு மருதாயி அக்கா டாக்டர தேடிக்கிட்டு ஓடுனாங்க, அவரு வெளியூரு போயிருந்தாரு. ஐயா அடிக்கடி மணி கேட்டாரு. வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லலைங்க, மணியத்தான் கேட்டாரு. பதினொன்னு இருபது ஆயிடுச்சான்னாரு. ஆயிடுச்சுங்கன்னேன்.”

“நீ ஏன் நெசத்தச் சொன்ன?”

“சாகப்போற மனுசன்கிட்ட பொய் சொல்லலாங்களா?” என்றாள் சம்பூர்ணம். “அதக் கேட்டதும் கையை ஊனி எந்திரிக்கப் பாத்தாரு. என்னைத் தெருவுக்குத் தூக்கிடு தாயி, இங்க வேணாம், வெளிய தூக்கிப் போட்டுடுன்னாரு. வாசப்படி வரைக்கும் தவழ்ந்துட்டாருங்க.”

நான்கு எட்டு. அந்த அறையில் பாயிலிருந்து வாசற்படி நான்கு எட்டுதான். அந்த நான்கு எட்டையும் அப்பா தவழ்ந்து கடக்கப் பார்த்திருக்கிறார்.

“நீ தூக்கலயா?”

“எப்படிங்க தூக்குவேன்? வெளியில பொட்டு நெழல் இல்ல. நாயக்கூட அந்த வெயில்ல போடமாட்டாங்க. புடிச்சு இழுத்தாந்து பாயில படுக்க வச்சேன். அவரு என்னைத் திட்டுனாரு. அறிவிருக்கா, உனக்குத்தானே வூடு போவுதுன்னாரு. தலைய மடியில வச்சுக்கிட்டேன். பால் ரெண்டு வாய் குடிச்சாரு. அப்பறம் திட்டல.”

அவருக்கு வீட்டைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அவர் தெருவில் செத்திருந்தால் இவளுக்கும் வீடு மிஞ்சியிருக்கும். காலையில்தான் பஞ்சாங்கத்தை விரித்து எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார், அதனால் இவளுக்குத் தெரியாமலும் இல்லை. எல்லாம் தெரிந்தே இழுத்து உள்ளே போட்டிருக்கிறாள். செங்கமலம் அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். இதில் எதையோ இன்னும் கேட்க வேண்டும்போல இருந்தது. என்ன கேட்பதென்றுதான் தெரியவில்லை.

“இந்த வூட்டுல இனிமே இருக்கறதுக்கு உனக்குப் பயமா இல்லயா?”

“இருக்குதுங்க” என்றாள் சம்பூர்ணம். “மாமனாரத் தூக்கிக்கிட்டு எங்க போறதுங்கறது அதவிடப் பயமா இருக்குது.”

ராசாங்கம் அடுப்படி வாசலில் வந்து நின்றான். விரல் பஞ்சாங்கத்துக்குள் இருந்தது. சம்பூர்ணம் நகர்ந்து போனதும் குரலைத் தாழ்த்தினான்.

“கமலம், பதினொன்னு இருபதுக்கு மேல அவிட்டம். மச்சான் பன்னெண்டு மணிக்கு மேலதான் போயிருப்பாரு போல இருக்கு. அடைப்புன்னா வூட்டப் பூட்டித்தான் ஆகணும். நாம காலி பண்ணுன்னு சொல்லத் தேவையில்ல, சாஸ்திரமே சொல்லிடுச்சு. எந்த வக்கீலும் வரமாட்டான். ஆறு மாசம் கிடக்கட்டும். வூடு கேட்டுக்கிட்டிருந்த அந்த ஆலை என்ஜினீயரு வடக்கத்திக்காரரு, அவருக்கு இதெல்லாம் கிடையாது. ரெட்ட வாடகைக்கு ரெடியா இருக்காரு.”

ராசாங்கம் கெட்டவன் இல்லை. அழுத கண் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. சாவு வீட்டில் நின்றுகொண்டு அடுத்த மாதத்தை நினைக்கிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்றால் உலகத்தில் நல்லவர்கள் மிஞ்ச மாட்டார்கள். அவன் சொன்னதில் தப்பும் இல்லை. கோர்ட் ஏழு வருஷத்தில் செய்ததை அப்பா ஒரே பகலில் செய்து முடித்திருந்தார்.

அடைப்பை மதிக்காமல் விட்டால் செத்தவர் குடும்பத்தில் அடுத்த சாவு தள்ளிப்போகாது என்பார்கள். செங்கமலம் அதை நம்புகிறவள். அவளுக்குத் திருச்சியில் காலேஜில் படிக்கும் பையன் ஒருவன் இருந்தான்.

அறைக்குத் திரும்பியபோது தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். வேனில் ஏற்ற ஆலையிலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள், முருகையனும் அவர்களில் ஒருவனாக மூலையில் நின்றான். ராசாங்கம் பேனாவைத் திறந்து, பஞ்சாங்கத்தின் ஓரத்தில் எழுதத் தயாராக வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சம்பூர்ணத்திடம் கேட்டான்.

“ஏம்மா, உசுரு பிரியறப்ப நீதானே இருந்த? மணி என்ன இருக்கும்?”

சம்பூர்ணம் எழுந்து நின்றாள். புருஷனைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். அவள் நிஜத்தைத்தான் சொல்லப்போகிறாள் என்று செங்கமலத்துக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாய் வேறு எதையும் சொல்லப் பழகியிருக்கவில்லை.

“பதினொன்னு” என்றாள் செங்கமலம்.

ராசாங்கம் திரும்பினான். “உனக்கு எப்படித் தெரியும்? நீ இருந்தியா?”

“இப்பத்தான கேட்டுட்டு வரேன். பதினொன்னு அடிக்க அஞ்சு நிமிஷம் இருந்துச்சாம்.”

“போன் ஒன்னேகாலுக்கு இல்ல வந்துச்சு?”

“ட்ரங்க் கால் புக் பண்ணி, அது கெடைக்க வேணாமா மாமா? அதுவும் நம்ம ஊருக்கு.”

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. அப்போது வாசலிலிருந்து, டாக்டரைத் தேடி ஓடிவிட்டு வந்த மருதாயி வாயைத் திறந்தாள். அவளும் இன்னொருவர் வீட்டில் வாடகைக்கு இருப்பவள்தான்.

“ஆமாங்க. பதினொன்னுக்கு முன்னயேதாங்க. நான் அப்பத்தான் உலை வச்சேன்.”

“ஆமா, ஆமா” என்றாள் இன்னொருத்தி. அந்த நேரத்தில் அவள் இந்தத் தெருவிலேயே இல்லை.

சம்பூர்ணத்தின் உதடு அசைந்தது. செங்கமலம் அவளைப் பார்த்த பார்வையில் அது மூடிக்கொண்டது. கட்டிலில் கிடந்த அய்யாக்கண்ணு கண்ணை இறுக மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி இருந்தார். ராசாங்கம் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு எழுதினான். திருவோணம், காலை பத்து ஐம்பத்தைந்து.

அப்பாவை வேனின் தரையில் வைக்கோல் பரப்பி அதன்மேல் கிடத்தினார்கள். ஒரு பக்கம் செங்கமலமும் இன்னொரு பக்கம் ராசாங்கமும் குந்திக்கொண்டார்கள். ரயில்வே கேட் தாண்டி, கடைசி டீக்கடையும் போய், இரண்டு பக்கமும் சோளக்காடு வரும் வரையில் ராசாங்கம் பஞ்சாங்கத்தை மடியில் வைத்து அதன் மூலையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தான்.

“கமலம்.”

“ம்.”

“நெசமாவே பதினொன்னுதானா?”

வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அப்பாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

“தலை ஆடுது பாருங்க மாமா. புடிங்க.”

ராசாங்கம் அவளைப் பார்த்தபடியே பஞ்சாங்கத்தைக் கீழே வைத்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்து மச்சானின் தலைக்கு அடியில் கொடுத்து, இரண்டு கையாலும் கன்னங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். பெரம்பலூர் வரும்வரை கையை எடுக்கவில்லை.